சனிக்கிழமைப் பழுது

இரிஞ்ஞாலக்குடா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து மூன்று வருஷம் ஊரார் எல்லாரையும் ஒருவரோடொருவர் பேச வைத்த ஏலிக்குட்டிக்கு, ஓய்வு பெற்ற பிறகு பேச ஆள் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி அயர்லாந்துக்குப் போய்விட்டான். அவன் விட்டுப்போன கம்ப்யூட்டர்தான் வீட்டில் துணை. அதுவும் கிழடு தட்டிப்போய், சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்து வந்தால்தான் கண் திறக்கும்.

வாசகசாலையில் பழைய மெஷினுக்கு லினக்ஸ் இலவசமாகப் போட்டுத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனாள்.

"நான் ஒண்ணும் தெரியாதவ. விண்டோஸை விட்டு இதுக்கு மாறலாமா?"

கேட்டிருக்கவே கூடாது. லினக்ஸிலேயே பல ஜாதி. உபுண்டுதான் போடணும் என்றார் ஒருவர். அது குழந்தைகளுக்கு, டெபியன் போடாதவன் மனுஷனா என்று மேஜையைத் தட்டினார் இன்னொருவர். கேட்டவளை மறந்தே போனார்கள். ஹைஸ்கூலில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் ஷாஹிதா டீச்சர்தான் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இவங்க சண்டை முடியறதுக்குள்ள உங்களுக்கு அடுத்த பென்ஷன் வந்துடும் சேச்சி. தாராளமா மாறுங்க. கெட்டுப்போனா நான் வர்றேன்."

கடைசியாகச் சொன்னாளே, அதற்காகத்தான் ஏலிக்குட்டி மாறினாள்.

முதல் சனிக்கிழமை பிரிண்டர் மக்கர் பண்ணியது. ஷாஹிதா ஸ்கூட்டரில் வந்து சரிசெய்தாள். அடுத்த சனிக்கிழமை பாட்டுச் சத்தம் வரவில்லை, அதற்கும் வந்தாள். மூன்றாம் சனிக்கிழமை போன்தான் வந்தது.

"ஒரு குறையும் இல்லையே? அப்போ நான் வரலை சேச்சி. ரொம்ப சந்தோஷம்."

என்ன சந்தோஷம், மண்ணாங்கட்டி! அவள் வருவாள் என்று ஏலிக்குட்டி எட்டு இலையடை அவித்து வைத்திருந்தாள். ராத்திரி இரண்டு, காலையில் இரண்டு தின்றாள். மிச்சத்தைக் கோழிகளுக்குப் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் அம்மணிக்குத் திருட்டுப் புத்தி வந்தது. முதலில் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி வைத்தாள். ஷாஹிதா அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டு, டீயைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். ஆழமான பழுதாக இருந்தால்தான் ஆள் உட்காருவாள் என்று அன்றைக்குப் புரிந்தது. இன்டர்நெட்டில் பாடம் பாடமாகப் படித்தாள். திரையில் கறுப்பு ஜன்னலைத் திறந்து கட்டளை அடிக்கப் பழகினாள். எந்தக் கோப்பின் பெயரை மாற்றினால் சத்தம் போகும், எதை நிறுத்தினால் இன்டர்நெட் சாகும் என்று பழைய டைரியில் எழுதி வைத்தாள். ஒன்றும் தெரியாதவள் என்று நடிப்பதற்காக, அந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவர்களில் ஒருத்தி ஆகிவிட்டாள்.

ஷாஹிதா ஒரு மணி நேரம் தேடுவாள். தேடிக்கொண்டே ஹெட்மிஸ்ட்ரஸின் கெடுபிடியைச் சொல்வாள், சவூதி தம்மாமில் இருக்கும் புருஷனைச் சொல்வாள், இலையடையில் ஏலக்காய் கொஞ்சம் தூக்கல் என்பாள். "எனக்கு இதெல்லாம் எங்க புரியுது மோளே" என்று ஏலிக்குட்டி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவள் வாழ்ந்தாள்.

ஆறாவது பழுதன்று நல்ல மழை. ஷாஹிதா தொப்பலாக நனைந்து, தாமதமாக வந்தாள்.

"என்ன சேச்சி செஞ்சீங்க?"

"நானா? சும்மா இருந்துச்சு, தானா போச்சு."

ஷாஹிதா கறுப்பு ஜன்னலைத் திறந்தாள். கட்டளையை முழுசாக அடிக்கச் சலித்து, மேல் அம்புக்குறியைத் தட்டினாள். அதைத் தட்டினால் முன்பு அடித்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு டிரங்க் காலுக்கும் சீட்டு எழுதி வைத்த ஏலிக்குட்டி, இந்த மெஷினும் எழுதி வைக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. இன்டர்நெட்டை நிறுத்தியது வந்தது. பிரிண்டரை நீக்கியது வந்தது. கட்டளை அடித்த சனிக்கிழமைகளெல்லாம் வரிசையாக வந்தன.

"இதெல்லாம் நீங்க அடிச்சதா?"

ஏலிக்குட்டி இலையடைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"என் பையனுக்கு நூத்திரண்டு காய்ச்சல். பக்கத்து வீட்டுல படுக்க வெச்சுட்டு வந்திருக்கேன்." ஷாஹிதா ஒரே வரி அடித்துச் சரிசெய்துவிட்டு ஹெல்மெட்டை எடுத்தாள். வாசலில் நின்று திரும்பினாள். "சும்மா வான்னு கூப்பிட்டிருக்கலாமே, சேச்சி."

டீயில் ஆடை படிந்தது. ஈசோயே, கர்த்தாவே, எனக்குக் கூப்பிடத் தெரியவில்லையே என்று ஏலிக்குட்டி அழுதாள். அடுத்து நான்கு சனிக்கிழமைகள். கம்ப்யூட்டர் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. போனை எடுப்பாள், ஷாஹிதாவின் நம்பர் வரை போவாள், கீழே வைத்துவிடுவாள்.

அடுத்த வாசகசாலைக் கூட்டத்துக்கு மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். ஷாஹிதா கோடி மேஜையில் யாருடைய மெஷினையோ பிரித்துப் போட்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்போது அங்கன்வாடியில் ஓய்வு பெற்ற பங்கஜாக்ஷி, பழைய லேப்டாப்பைப் புடவைத் தலைப்பால் துடைத்தபடி கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. வீட்டுல கேக்கறதுக்கும் ஆள் கிடையாது. இதுக்கு மாறலாமா?"

உபுண்டுக்காரர் தொண்டையைச் செருமினார். டெபியன்காரர் நாற்காலியை இழுத்தார். ஏலிக்குட்டி முந்திக்கொண்டாள்.

"மாறுங்க. லேசுல கெடாது."

"கெட்டுப்போனா?"

"நான் வர்றேன்." கோடி மேஜைக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள். "கெடலைன்னாலும் வர்றேன். சும்மா கூப்பிடுங்க, போதும்."

கோடி மேஜையில் ஷாஹிதா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.