ஜெர்மன் சட்டை போட்ட தாத்தாவைக் கேட்டு பர் துபாய்க்கு

2007இல் நான் சவூதியில் தம்மாமில் டெக்னீஷியன். என் தாத்தா வெள்ளைக்காரப் பட்டாளத்தில் ஆப்பிரிக்காவுக்குப் போய், ஜெர்மன்காரர்களிடம் பிடிபட்டு, பிறகு அவர்கள் திரட்டிய இந்தியப் படையில் சேர்ந்தவர். நாகர்கோவிலில் அப்பாவுக்கு இன்றும் பட்டப்பெயர் 'ஜெர்மன்காரன் மகன்'. தாத்தா விரும்பிச் சேர்ந்தாரா, கட்டாயப்படுத்திச் சேர்த்தார்களா? அப்பாவுக்கு அது தெரிந்தாக வேண்டும். தாத்தாவோ வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

எங்கள் சைட்டில் இருந்த பாகிஸ்தான்காரர் ஒருவரின் பெரியப்பாவும் அதே படையில் இருந்தவராம். பர் துபாயில் மகன் வீட்டுக்கு வந்திருந்தார். சீக்கிரமே லாகூர் திரும்புகிறார் என்றதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் மகனுக்குப் போன் செய்தேன். லீவு நாளில் வாருங்கள், நானே மொழிபெயர்க்கிறேன் என்றார்.

புதன் மாலை டியூட்டி முடிந்ததும் பஸ் ஏறினேன். டிக்கெட் 150 ரியால், தூரம் சுமார் 850 கிலோமீட்டர். எல்லையில் மூன்று மணி நேரம் பெட்டிகளைக் கிளறினார்கள். நான் எழுந்து எழுந்து எட்டிப் பார்த்ததில் டிரைவருக்கே கோபம் வந்தது. "பைட்டோ பாய், உட்காரு! இது பஸ், பிளேன் இல்ல" என்று இந்தியில் அதட்டினார்.

வியாழன் காலை கதவைத் திறந்தவர் பெரியவர்தான். மகன் டியூட்டிக்குப் போயிருந்தார், திரும்ப நள்ளிரவு ஆகுமாம். சவூதியில் வியாழனும் வெள்ளியும் லீவு. துபாயில் அதை வெள்ளி, சனி என்று மாற்றி ஒரு வருடம் ஆகியிருந்தது. மறுநாள் காலையே எனக்குத் திரும்பும் பஸ். என்மீதே எரிச்சலாக வந்தது.

என் சைட் இந்தியை வைத்துக்கொண்டு தாத்தா பெயரைச் சொன்னேன். மதராசிகள் சிலர் இருந்தார்கள், முகம் நினைவில்லை என்றார். புஜத்தைத் தட்டி, "ஷேர்" என்றார். சட்டையில் தைத்திருந்த புலிச் சின்னத்தைச் சொல்கிறார். நான் அவசரமாக, "மர்ஸி? விருப்பப்பட்டா சேர்ந்தீங்க?" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "உன் பாஸ்போர்ட் எப்பவும் யார்கிட்ட இருக்கும்?"

"கஃபீல் முதலாளிகிட்ட. இந்தப் பயணத்துக்கு மட்டும் கையில தந்தாரு."

"கல்ஃபுக்கு வந்தியே, மர்ஸியா?"

அவர் சிரித்தபடி பராத்தா தட்டை என் பக்கம் தள்ளினார்.

இந்த வழியில் போகிறவர்கள் வெளியேறித் திரும்பும் விசாவைக் கம்பெனியில் முன்னதாகவே கேட்டு வாங்குங்கள். எல்லையில் சாப்பாடு கிடைக்காது, தண்ணீரும் ரொட்டியும் கையில் இருக்கட்டும். போகிற நாட்டில் என்றைக்கு லீவு என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அன்று மாலையே அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"மக்களே, கேட்டியா? விரும்பித்தான் போனாராமா?"

"நான் கல்ஃபுக்கு வந்த மாதிரிதான்பா போயிருப்பாரு."

"ஒன்ன நான்லா மக்களே அனுப்பி வச்சேன்" என்றார்.