தள்ளிக்கொண்டு போனவர்

கிறிஸ்துமஸ் விடுமுறையில் பத்து நாள் தின்று தூங்கியதில் கால் சைக்கிளையே மறந்துவிட்டது. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் திறந்த அன்று, கொட்டாம்பட்டிச் சாலையில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருந்தேன். ஒல்லியான ஒருவர் என்னைச் சுலபமாகத் தாண்டிப் போனார். வெளுத்த கதர்ச் சட்டை, பின்னால் பாடப் புத்தகக் கட்டு. அவரும் வாத்தியார்தான். எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த ஊர் எல்லையில் அவர் இறங்கினார். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளினார். நான் மணியடித்தபடி அவரை முந்தினேன்.

"என்ன வாத்தியாரே, அதுக்குள்ள கால் ஓஞ்சுபோச்சா?"

சாவடியில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். என் கேலிக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஊரைத் தாண்டியதும் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறி, என்னை எட்டிப் பிடித்தார்.

"காலுக்கு ஒண்ணுமில்ல சார். எங்க சாதிக்காரன் அந்தத் தெருவுல சைக்கிள்ல போனா கட்டிவச்சு அடிப்பாங்க. இன்னும் ரெண்டு ஊரு இருக்கு. அங்கயும் இப்படித்தான்."

அடுத்த ஊர் வந்தது. அவர் இறங்கினார். நான் இறங்கவில்லை. இறங்கினால் மறுபடி ஏறுவது சிரமம், கால் வலிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மணியை மட்டும் அடிக்கவில்லை.