ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடப் போன கதை

நேத்து கடைக்குப் பலாப்பழம் போடப் போனேங்க. அங்க டிவியில ஜனாதிபதி தேர்தல் பேச்சு. கோட்டு போட்ட நாலு பேரு, நாட்டோட தீராத பிரச்சினை என்னன்னு சண்ட போட்டுக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தரு ரோடுன்னாரு, ஒருத்தரு ஆஸ்பத்திரின்னாரு, ஒருத்தரு வேலையில்லைன்னாரு. இன்னைக்குத்தான் கண்டுபுடிச்ச மாதிரி.

பழ வாசம் வந்தாலே எனக்கு எங்கண்ணன் நெனப்புதான். போன ஜனாதிபதி தேர்தலும் இதே பலாப்பழ காலத்துலதான் வந்துச்சு. "கெளம்பு கண்ணு, ஓட்டுப் போட்டுட்டு வந்துரலாம்"னான். எம்எல்ஏகிட்ட ரோடு கேட்டாச்சு, எம்பிகிட்டயும் கேட்டாச்சு, இவரு எல்லாத்துக்கும் பெரியவராச்சேன்னு அவன் நெனப்பு. எட்டாவது படிச்ச நானாச்சும் சொல்லியிருக்கோணும். எங்க, நானும் நல்ல சீலையக் கட்டிக்கிட்டு, மை வைக்க நகத்த வேற வெட்டிக்கிட்டுப் போனேன். ஒவ்வொரு ஓட்டுக்கும் மலையேறி பூத்துக்கு வர்ற கீழ்நாட்டு ஆபீசருங்களுக்கு அண்ணன் ஒரு பழம் கொண்டு போவான். அன்னைக்கும் தோள்ல வச்சுக்கிட்டான்.

பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு இருக்குதுங்க.

"ஏனுங்க சார், பெட்டி எங்கீங்க?"

வாத்தியாரு சிரிச்சாரு. "உனக்கு ஓட்டு இல்லப்பா. உனக்காக எம்எல்ஏ போடுவாரு."

"சரீங்க. யாருக்குப் போடறதுன்னு எங்கிட்ட அவரு கேக்கவே இல்லீங்களே?"

சத்துணவுக்கார அக்கா, "போ சாமி, உனக்குப் போன் பண்ணுவாரு"ன்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே எங்க பழத்த அறுத்துத் தின்னாங்க. திங்கறதுக்கு மட்டும் யாரும் சட்டம் பேசல.

முந்துன வருசம் ஐப்பசி மழையில அண்ணனுக்கு வவுத்துவலி. ஆம்புலன்ஸ் தார்ரோடு முடியற எடத்துல நின்னுக்கிச்சு. கம்பளியில தொட்டில் கட்டி நாலு பசங்க தூக்குனாங்க. நான் முன்னால பள்ளம் மேடு சொல்லிக்கிட்டே போனேன். வண்டி மலை எறங்கி காளப்பநாயக்கன்பட்டி சேர்றதுக்குள்ள மூச்சு நின்னு போச்சு. ஆஸ்பத்திரியில, "முன்னாடியே கொண்டாந்திருக்கலாமே"ன்னாங்க. எதுல கொண்டாருவேன்? இவங்க பேசற பேச்சுலயா?

போன எலக்சனுக்குக் கொட்டுன ஜல்லி எங்கூரு பாதையில அப்படியே கெடக்குது. அதுமேல அவரைக்கொடி படந்து, காயே பறிச்சுட்டோம். அந்த எலக்சனுக்கு ஓட்டு கேக்க வந்தவரு கைகூப்பி, "உங்கண்ணன் சாவு வீண் போகாதும்மா"ன்னாரு. வீண் போகலீங்க, அவரு செயிச்சுட்டாரு.

அண்ணனத் தூக்குன நாலு பேருல ரெண்டு பேரு திருப்பூரு, ஒருத்தன் பெங்களூரு, ஒருத்தன் கேரளா. இங்க வேலை இருந்தா எவன் போவான்? ஊருக்குள்ள நாங்க பொம்பளைங்களும் வயசானவங்களுந்தான். ரோடு எப்பவுமே இருந்ததில்ல. இப்ப தூக்கறதுக்குத் தோளும் இல்லீங்க.