சண்டை நாட்களில் கீழே ஓடிய வரி

உள்ளூர் கேபிள் டிவியில் படத்துக்குக் கீழே ஓடும் செய்தி வரியை எழுதுவது என் பிழைப்பு. சண்டை என்று வந்துவிட்டால் அந்த ஒரு வரியும் நம்முடையதில்லை. காரைக்குடியில் ராத்திரி ஷிப்ட் பார்த்தபடி, இங்கிலீஷ் பேப்பரைப் புரட்டிப் புரட்டியே மொழிபெயர்க்கக் கற்றவன் நான். இந்த வேலையில் தூக்கம் தொலைத்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

வெற்றி

எல்லையில் சண்டை மூண்டதும் முதலாளி கூப்பிட்டார். அரசாங்க அறிக்கையை மட்டும் போட வேண்டும். நம் பக்கம் அடிபட்டவர், செத்தவர் பற்றி நாமாக மூச்சு விடக் கூடாது. "அறிக்கை வரத் தாமதமானா வரி காலியா ஓடுமே?" என்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சந்தேகமா இருந்தா வெற்றின்னு போடுங்க. அதுக்கு யாரும் நோட்டீஸ் அனுப்ப மாட்டாக."

பிடிபட்ட நகரம்

போட்டேன். பெரிய சேனல்கள் பிடித்த எதிரி நகரத்தை, அறிக்கை வராமலே நானும் பிடித்தேன். அந்த வரி நாள் கணக்கில் ஓடியது. எடு என்று யாரும் சொல்லவில்லை. எடுக்க எனக்கும் தைரியமில்லை. ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறை முத்தையா டீக்கடையில் மடக்கினார்: "ஏண்ணே, முந்தாநாள் பிடிச்ச ஊரை இன்னைக்கும் பிடிக்கிறீகளே, நடுவுல திருப்பிக் குடுத்துட்டீகளா?"

செல்வி பார்த்த செய்தி

ஒக்கூர் செல்வியின் கணவர் ராணுவத்தில்; எல்லையில் இருந்தார். அவருடைய போன் அணைந்து கிடந்தது. தினமும் எங்கள் ஆபீசுக்குப் பேசுவாள். ஊரில் யார் இறந்தாலும் பெயரும் உடல் எடுக்கும் நேரமும் எங்கள் வரியில் இலவசமாக ஓடும்; அது இங்கே வழக்கம். அவள் சொல்வாள்: "சண்டைச் செய்தி எதையும் நான் பாக்கிறதில்லண்ணே. செத்தவுக பேரு ஓடுதுல்ல, அதுல அவுக பேரு வரல. எனக்கு அதுதான் செய்தி."

ஒரு நல்ல வரி

எங்கள் நிருபரின் மச்சான் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார். செல்வியின் கணவரைத் தன் கண்ணால் பார்த்ததாகப் போனில் சொன்னார்: கால் முறிவு, உயிருக்கு ஆபத்தில்லை. உடனே எழுதினேன், "ஒக்கூர் வீரர் நலம்." முதலாளி நிறுத்திவிட்டார். கால் முறிந்ததும் சேதம்தானாம், அறிக்கை வரட்டுமாம்.

பொறுக்காமல் நானே செல்விக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை. குரல் உடைந்து கேட்டாள்: "நெசமா இருந்தா டிவியில போட்டிருப்பீகள்ல? வெற்றி வெற்றின்னு ஓட்டுறவுக இதையா விடுவீக? ஆறுதலுக்குச் சொல்லாதீகண்ணே, என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

ஊரில் செத்தவர்கள் எல்லாரும் எங்கள் வரியில் தவறாமல் ஓடுகிறார்கள். பிழைத்த ஒருவரைப் போடத்தான் இன்னும் அனுமதி வரவில்லை.