பின்அறைக்கு நெட் இழுத்த மாயவன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அதியமான்கோட்டை மாயவன். எரிந்துபோன போர் மோட்டாரைப் பிரித்துப் புதுசாய்ச் செம்புக்கம்பிக் காயில் கட்டி, அந்தக் காசிலேயே வீடும் கட்டி, மகள் வெண்மதியை இன்ஜினியருக்கும் படிக்க வைத்தவர். இந்த வட்டாரத்தில் அவர் கை படாத மோட்டார் ஒன்று உண்டென்றால், அது இன்னும் கடையை விட்டே வரவில்லை என்று அர்த்தம்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான் நெட் பின்அறைக்கு எட்டவில்லை.

வெண்மதிக்குப் பெங்களூரில் வேலை. ஊரிலிருந்தே பார்க்கலாம், ஆனால் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு மணி நேரம் வீடியோவில் பேசிக் காட்ட வேண்டும், நடுவில் அறுந்தால் திங்கட்கிழமை பெங்களூர் திரும்பிவிட வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். மூன்று வருஷம் ஹாஸ்டல் சோறு தின்ற பிள்ளை. இனி வீட்டோடு இருப்பாள் என்று மாயவன் ஊரெல்லாம் சொல்லியும் ஆயிற்று. நெட் வந்து இறங்குகிற முன்கூடத்தில் உட்கார்ந்து பேசலாம் என்றால், ஹைவே லாரிகளின் ஹாரன் விடுவதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தருமபுரியிலிருந்து கம்ப்யூட்டர் கடை நூர் பாஷா வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இந்தக் கருங்கல்லத் தாண்டி சிக்னல் போவாதுங்கண்ணே. பின்னாடி இன்னொரு ரூட்டர் வெக்கணும். இங்கிருந்து அதுக்கு ஒயர் இழுக்கணும். நடுமுத்தத்து சிமெண்ட ஒடைக்க வேண்டியதுதான்."

"நான் போட்ட தளத்த நானே ஒடைப்பனா பாய்? கீழ பழைய தண்ணி பைப்பு சும்மாதான் கெடக்குது. அதுக்குள்ள வுட்டுரலாம்."

"ரெண்டு எடத்துல வளையுதுங்களே. ஒயர இழுக்கற கம்பி உள்ள போவாது."

"கம்பி போவாது. காத்து போவும்."

மாயவன் பாலிதீன் பையில் ஒரு துண்டு கிழித்து, மெல்லிய நைலான் நூலின் நுனியில் கட்டி, பைப்பின் வாய்க்குள் வைத்தார். மோட்டாரில் தூசி அடிக்கிற புளோயரை அதன் பின்னால் பிடித்தார். பைப்பின் மறுமுனையில் நின்றிருந்தவர் அவர் மனைவி தங்கம்மாள்.

"வந்திருச்சுங்க," என்று அங்கிருந்து குரல் வந்தது. "மூஞ்சியிலயே அடிச்சிருச்சு."

நூலின் வாலில் ஒயரைக் கட்டி இழுத்தார்கள். வழுக்கிக்கொண்டு போயிற்று.

"எந்தக் காலேஜுங்கண்ணே நீங்க?" என்றார் நூர் பாஷா.

"மூணாங்கிளாசு, பி செக்சன்."

இரண்டு ரூட்டருக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு, பாஸ்வேர்டு என்ன போடட்டும் என்று கேட்டார் நூர் பாஷா.

"நம்ம வூடுன்னு போடுங்க. சேத்து எழுதுங்க. மறக்காது பாருங்க."

நூர் பாஷா இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, தன் போனை வைத்துக்கொண்டு முன்கூடத்துக்கும் பின்அறைக்கும் நடந்து பார்த்தார். ஓரிடத்திலும் அறுபடவில்லை. வத்தல்மலையில் ஒரு வேலை இருக்கிறதென்று வண்டியைக் கிளப்பிவிட்டார்.

பத்தே முக்காலுக்குக் குளித்துவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்த வெண்மதி, பாஸ்வேர்டு தப்பு என்று வருகிறது என்றாள். மறுபடி அடித்தாள். பெரிய எழுத்தில் தொடங்கி அடித்தாள். தப்பு. நூர் பாஷாவுக்குப் போன் போட்டால், அவர் மலை ஏறியிருந்தார்; லைன் போகவில்லை.

மாயவன் ரூட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோட்டார் என்றால் பிரித்துப் பார்க்கலாம். வார்த்தையை எங்கே பிரிப்பது?

"அப்பா, சரியா என்ன சொன்னீங்க?"

"நம்ம வூடு."

"அதத்தான் அடிக்கறேன். நம்மவீடு."

"அதேதான் கண்ணு. வேற என்ன?"

தங்கம்மாள் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "எங்க அதே? உங்கப்பா வூடுங்கறாரு, நீ வீடுங்கற. பாயி காதுல உழுந்தததான எழுதியிருப்பாரு?"

வெண்மதி லேப்டாப் பக்கம் திரும்பினாள். இங்கிலீஷ் ஈ இரண்டை எடுத்துவிட்டு ஓ இரண்டைப் போட்டாள். நெட் திறந்துகொண்டது. மணி பத்து ஐம்பத்தெட்டு.

"படிச்சவதான் தப்பா எழுதியிருக்கா," என்றார் மாயவன், போன உயிர் திரும்பி வந்த தெம்பில். "நானு சரியாத்தான் சொல்லியிருக்கேன்."

"பேசாம வெளிய போங்கப்பா."

ஒரு மணி நேரம் அவர் அந்தக் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மிக்ஸி ஓடக் கூடாது என்று உத்தரவு. மொபெட்டில் எரிந்த மோட்டாரோடு வந்த பச்சியப்பன் என்ற விவசாயியையும், வாயில் விரல் வைத்து வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டார்.

பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தது.

"ஒரு தடவ கூட நிக்கலப்பா. இங்கிருந்தே பாக்கச் சொல்லிட்டாங்க."

"நானு இழுத்த லைனு நிக்குமா?" என்றார் மாயவன். ஸ்டூலை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நடந்தார்.

"என்னங்க மாயவன், மோட்டாருக்கு எத்தன நாளாவும்?" என்றார் பச்சியப்பன்.

"மோட்டாரு கெடக்குதுங்க. உங்க வூட்டுல நெட்டு எல்லா ரூமுக்கும் எட்டுதா, அதச் சொல்லுங்க மொதல்ல."