திருப்பி அனுப்ப மாட்டேன் என்றேன்

கொரோனா இரண்டாம் அலையின் மே மாதம். காலையில் எங்கள் டயாலிசிஸ் சென்டரின் வாசலுக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. மகளின் தோளில் சாய்ந்தபடி கன்னியம்மா இறங்கினார். உடம்பு கொதித்தது. முகமும் காலும் வீங்கியிருந்தன. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்கினார்.

"ஜுரம் கீதுன்னு சொன்னா கதவயே தொறக்க மாட்டேன்றாங்க சிஸ்டர். ரெண்டு ஆஸ்பத்திரி பாத்துட்டு வர்றோம். நீங்களும் போன்னு சொல்லிடாதீங்க" என்றார் மகள்.

இந்தச் செபக் கூட்டத்தில் என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், என் பெயர் ஸ்டெல்லா. வீடு சாந்தோமில், கடலோரத்தில். மயிலாப்பூரில் இருக்கும் அந்த சென்டரில் நான் நர்ஸ். யார் எந்த வழியாக உள்ளே வரலாம், எதைப் போட்டுக்கொண்டு வரலாம் என்று பார்க்கும் தொற்றுத் தடுப்புப் பொறுப்பு என்னுடையது. ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீன் விற்கும் கன்னியம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். வாரம் இரண்டு முறை எங்களிடம் வருகிறவர். காய்ச்சல் என்றால் உள்ளே விடமாட்டோம் என்று பயந்து, போன முறை வராமல் இருந்துவிட்டார். சிறுநீரகம் வெளியேற்றாத நீரெல்லாம் நெஞ்சில் ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மெஷினில் போடாவிட்டால் அவர் பிழைக்க மாட்டார்.

மெஷின்கள் இருக்கும் ஹாலுக்குள்ளும் அவரை விட முடியாது. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் நோயாளிகள். தொற்று உள்ளே போனால் யாருக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. காய்ச்சல் என்றதும் அவர்கள் பயந்ததில் தப்பில்லை.

மேனேஜர் சேகர் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வேற எங்கயாவது போகச் சொல்லுங்க சிஸ்டர். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நம்மால முடியாது."

"வேற எங்க சார்? எல்லா எடத்துலயும் சுத்திட்டுத்தான் இங்க வந்திருக்காங்க."

"ரூல்ஸ் போட்டதே நீங்கதானே?"

"ஹால்ல விடக்கூடாதுன்னுதான் சார் ரூல். சாகட்டும்னு விடச் சொல்லல. பின்னாடி ஸ்டோர் ரூம் இருக்கு, சந்துப் பக்கம் தனிக் கதவு இருக்கு. ஸ்பேர் மெஷினும் சும்மா நிக்குது. அங்க போடலாம். நானே உள்ள போறேன். முடியாதுன்னா, நீங்களே வாசலுக்கு வந்து அவங்க முகத்தப் பாத்து சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

என் குரல் ஹால் வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் பேசினேன்.

அவர் வாசலுக்குப் போனார். கன்னியம்மாவைப் பார்த்தார். திரும்பி வந்து, ஸ்டோர் ரூம் சாவியை மேஜையில் வைத்தார்.

அறை கிடைத்துவிட்டது. தண்ணீர் இல்லை. டயாலிசிஸ் மெஷினுக்குச் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். அந்தக் குழாய் ஹாலோடு நின்றுவிட்டது. டெக்னீஷியனுக்குப் போன் செய்தேன். கே.கே. நகரில் அவர் தெருவையே தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். "யாராச்சும் பைப் போட்டா வீடியோல பாத்து சொல்றேன் சிஸ்டர். வர்றதுக்கு வழியே இல்ல" என்றார்.

முழு ஊரடங்கு. பிளம்பருக்கு எங்கே போவேன்?

கை கழுவும் இடத்தில் போய் நின்றேன். நான் கெஞ்சவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆண்டவரோடு சண்டை போட்டேன். 'கதவைத் திறக்க வைத்தது நீர். இப்போது தண்ணீரில்லை என்றால் என்ன அர்த்தம்? அந்த அம்மாவிடம் நான் போய்ச் சொல்ல மாட்டேன். நீரே வந்து சொல்லும்.' குழாயடியில் நின்று அழுகையை அடக்கிக்கொண்டு இதைத்தான் செபித்தேன்.

திரும்பி ஹாலுக்குள் வந்தபோது, மெஷினில் இருந்த யூசுப் பாய் கையை உயர்த்தினார். நான் போனில் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது.

"ஸ்டெல்லாம்மா, பைப் வேலைக்கு ஆள் தேடுறியா? வெளிய ஸ்கூட்டர்ல என் பையன் சலீம் ஒக்காந்துகினு கீறான். அவன் பிளம்பர்தானே!"

அப்பாவை அழைத்துப்போக சலீம் ஒவ்வொரு முறையும் வெளியே காத்திருப்பார். அடிக்கடி பார்க்கிற முகம். என்ன தொழில் என்று நான் கேட்டதே இல்லை. வெளியே ஓடினேன்.

சலீம் வந்தார். டெக்னீஷியன் வீடியோவில் சொல்லச் சொல்ல, ஸ்டோரில் இருந்த மாற்றுக் குழாயை எடுத்துப் பொருத்தினார். மருந்து விட்டு அலசி, தண்ணீரைச் சோதித்துப் பார்த்தோம். அதுவரை கன்னியம்மாவுக்கு ஆக்சிஜன் வைத்திருந்தேன். அவருடைய விரல்கள் என் கையுறையை விடவே இல்லை.

மதியத்துக்குள் மெஷின் ஓடியது. அவரும் நானும் மட்டும் உள்ளே. கவச உடைக்குள் வியர்வை ஆறாக ஓடியது. மெல்ல மெல்ல அவர் மூச்சு சீரானது.

"உன் சாமிய வேண்டிக்கினியா சிஸ்டர்?"

"சண்டை போட்டேன்மா."

"நானும் எங்க அம்மன்கிட்ட சண்டதான் போட்டேன்" என்று சிரித்தார்.

அவருக்குத் தொற்று உறுதியானது. அதே அறையில் வைத்தே பார்த்தோம், பிழைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் காய்ச்சலோடு வந்த ஒருவரையும் நாங்கள் திருப்பி அனுப்பவில்லை. சேகர் சாரே அந்த அறையை நிரந்தரமாக்கினார். ஹாலில் இருந்த யாருக்கும் தொற்று பரவவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே மாதம், அதே தொற்றோடு ஆஸ்பத்திரியில் இருந்த என் அண்ணனுக்காகவும் செபித்தேன். அவர் வீடு திரும்பவில்லை. ஏன் என்று இன்றும் கேட்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியோடுதான் கோயிலுக்குப் போகிறேன், கோயிலை விட்டு ஓடவில்லை.

அந்த நாட்களில் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் நம் அன்பியக் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார், "விசுவாசம் இருந்தா மாஸ்க் எதுக்கு?" என்று. பக்கத்தில் இருக்கிறவர் உயிர்மேல் அக்கறை இல்லாத விசுவாசம் எனக்கு வேண்டாம் என்றேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

முன்பெல்லாம் மேலிடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் தலையாட்டிவிடுவேன். அந்தப் பழக்கம் போய்விட்டது. அதற்காகவும் ஆண்டவருக்கு நன்றி.

இங்கே யாராவது எல்லாக் கதவும் சாத்திவிட்டது என்று உட்கார்ந்திருந்தால், உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: ஆண்டவரிடம் கேளுங்கள். மரியாதையான வார்த்தை வராவிட்டால் கோபத்தோடு கேளுங்கள். அவர் தாங்கிக்கொள்வார். கேட்டுவிட்டு, உங்களால் முடிந்த வேலையை விடாமல் செய்யுங்கள்.