அந்த லாரியை ஓட்டியவர்

சென்ற ஆண்டு சம்பா நடவு முடிந்த சமயம் என் சிநேகிதன் வீட்டுக்கு வந்தான். தஞ்சாவூரில் ஓர் அருங்காட்சியகத்தில் போர்வீரர்களுக்கென்று தனியாக ஒரு கூடம் திறக்கப் போகிறார்கள் என்றும், நம் பக்கத்து ஆட்களின் பதக்கங்களையும் சான்றிதழ்களையும் திரட்டித் தரும் பொறுப்பைத் தன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னான். கண்ணாடிப் பெட்டிகளுக்கு அவன் மகன் செலவு செய்கிறானாம்.

"பாயோடதையும் வாங்கணும்டா. நீ போனாத்தான் அவரு சம்சாரம் குடுக்கும்" என்றான்.

நானும் அவனும் பாபநாசத்தில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. திருச்சியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வீட்டில் சொல்லாமல் ரயிலேறியதும் சேர்ந்துதான். பட்டாளத்தில் இருவரையும் லாரிப் பிரிவில் போட்டார்கள். அங்கே எங்களுக்கு முன்பே ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். முத்துப்பேட்டைக்காரர், எங்களைவிட மூத்தவர். பாய் என்று கூப்பிடுவோம். முதல் ஆறு மாதம் எங்களுக்காக இந்தி பேசியதெல்லாம் அவர்தான்.

வங்கதேசப் போரில் ஓர் ஆற்றங்கரையில் படகுப் பாலத்துக்காகக் காத்து நின்றிருந்தோம். அந்த ஊரும் நம் ஊர் மாதிரியே இருந்தது. வாய்க்கால், வரப்பு, அறுத்துப் போட்ட தாள். அங்கே குண்டு விழுந்தது. பாய் அடிபட்டவர்களைத் தன் லாரியில் ஏற்றிக்கொண்டு பின்னால் இருந்த ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் இறக்கினார். உடனே திரும்பப் போய் இன்னும் சிலரைக் கொண்டுவந்தார். இனி யாரும் போக வேண்டாம் என்று அதிகாரி சொல்லிவிட்டார். பாய் வண்டியைத் திருப்பினார். "நம்ம ஊர்ப்பய அங்க கெடக்கான்" என்றார், அவ்வளவுதான். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

என் சிநேகிதன் ஒரு மதகுக்குக் கீழே தொடை கிழிந்து கிடந்தான். பாயும் நானும் அவனைத் தூக்கிப் பின்னால் போட்டோம். வழி முழுக்க அவனுக்கு நினைவு இருந்தது. "பாய், மெதுவா போ பாய்" என்று கத்திக்கொண்டே வந்தான்.

அதற்காகத்தான் பாய்க்குத் தளபதியின் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. என் சிநேகிதனுக்குக் காயம்பட்டவர்களுக்கான பதக்கம். எனக்கு, போரில் இருந்த எல்லோருக்கும் கொடுத்த பதக்கம்; அது பாய்க்கும் உண்டு. அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. பட்டாளத்தை விட்டபின் நான் வயலைப் பார்த்தேன், சிநேகிதன் கும்பகோணத்தில் ஒரு பாங்கியில் காவலாளியானான். பாய் கல்யாணம் செய்துகொண்டு சவூதிக்கு டிரைவராகப் போனார். அங்கேயே ஒரு சாலை விபத்தில் இறந்து, அங்கேயே அடக்கமும் ஆனார். இங்கே மனைவியும் இரண்டு பெண்களும்.

மன்னார்குடியில் பஸ் மாறி முத்துப்பேட்டைக்குப் போனேன். பாயின் மனைவி சான்றிதழையும் பதக்கத்தையும் கொண்டுவந்து கையில் வைத்தார். கஜா புயலில் ஓடு பறந்து வீடெல்லாம் தண்ணீர் நின்றபோது சான்றிதழ் நனைந்துவிட்டது. பெரிய பெண் அதை மின்விசிறிக்குக் கீழே காயவைத்து, ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் செய்திருந்தாள். எழுத்து வெளிறியிருந்தாலும் படிக்க முடிந்தது. பதக்கம் மட்டும் பளபளவென்றிருந்தது. வருஷா வருஷம் பெருநாளுக்கு முன்னால் அந்த அம்மா புளி போட்டுத் தேய்ப்பாராம்.

"இனிமே தேய்க்க வேணாம்மா. தேய்ச்சா எழுத்து மழுங்கிடுமாம். அங்க வெயில் படாம, ஈரம் படாம வச்சிருப்பாங்க. நூறு வருஷம் இருக்கும்" என்று, சிநேகிதன் எனக்குச் சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன்.

"நூறு வருஷமா?" என்றார். "எனக்கு அப்புறம் இத யாரு பாப்பான்னுதான்ணே யோசிச்சிட்டிருந்தேன். ரெண்டும் பொண்ணு, வேற வூட்டுக்குப் போனதுங்க."

புறப்படும்போது என் சிநேகிதனைப் பற்றிக் கேட்டார். "அந்த அண்ணன் காலு எப்படியிருக்கு? சவூதிலேர்ந்து எழுதுறப்பல்லாம் அவுங்க கேப்பாங்க, அவன் காலு தேவலையான்னு." மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்த தைலப் புட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி, அவனிடம் கொடுக்கச் சொன்னார்.

மூன்றையும் அவன் கையில் கொடுத்தேன். என் கண்முன்னாலேயே தைலத்தைத் திறந்து தொடையில் தேய்த்துக்கொண்டான். "நல்ல சூடா இருக்குடா" என்றான்.

தை மாதம் கூடம் திறந்தார்கள். பாயின் மனைவி பெரிய பெண்ணோடு விடியற்காலையிலேயே கிளம்பி வந்திருந்தார். பெட்டியில் பதக்கங்கள் வரிசையாக இருந்தன. பாயுடையதற்குக் கீழே அவர் பேரும் ஊரும் எழுதிய சீட்டு. அந்த அம்மா கண்ணாடிமேல் விரலை வைத்து, அந்தச் சீட்டின் நீளத்துக்குத் தடவினார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"சர்ட்டிபிகேட் எங்கண்ணே?"

எனக்குத் தெரியவில்லை. உள்ளே எங்காவது மாட்டியிருப்பார்கள் என்று அழைத்துப் போனேன். உள்சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை இருந்தது. மேலே என் சிநேகிதன் சீருடையில் நிற்கும் பழைய படம், கீழே தமிழில் பெரிய எழுத்து. அந்த அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எதையும் வாய்விட்டுத்தான் படிப்பார்.

"குண்டு... மழைக்கு... நடுவே..." என்று ஆரம்பித்தார்.

அவர் இரண்டாவது வரிக்கு வருவதற்குள் நான் முழுவதையும் படித்து முடித்துவிட்டேன். கையைப் பிடித்து வேறு பக்கம் அழைத்துப்போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

"தொடையில்... பட்ட... காயத்துடன்... லாரியைத்... தானே... ஓட்டி... இரண்டு முறை... திரும்பச்... சென்று... வீரர்களை... மீட்டார்."

கடைசிச் சொல்லில் விரலை வைத்தபடி நின்றார். மறுபடி நிமிர்ந்து மேலே இருந்த படத்தைப் பார்த்தார்.

"ரெண்டு தடவ போனது அவுங்கதானே? அப்படித்தானே சொன்னாங்க எங்கிட்ட?"

"பாய்தாம்மா போனாரு" என்றேன். "நானும் கூட இருந்தேன்."

என் சிநேகிதன் சால்வையோடு மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் சூழ நின்றிருந்தான். அந்த அம்மா நேரே அவனிடம் போனார். கோபமாகப் போகவில்லை. தெரியாததைக் கேட்பது மாதிரித்தான் கேட்டார்.

"அண்ணே, நீங்க வண்டி ஓட்டுனப்ப அவுங்க எங்கண்ணே இருந்தாங்க?"

அவன் என்னைப் பார்த்தான். பேரனைப் பார்த்தான். "அவரும் இருந்தாரும்மா. எல்லாருந்தான் இருந்தோம்" என்று சொல்லி, போட்டோ எடுப்பவன் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். காப்பி வந்தது. நான் தொடவில்லை.

"ஏன்டா இப்படிப் பண்ணுன?"

காப்பித் தம்ளரை என் பக்கம் நகர்த்தினான். பிறகு சொன்னான். மகன் சின்னவனாக இருந்தபோது தழும்பைப் பார்த்து, எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறான். கீழே விழுந்து கிடந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லையாம். ஓட்டினேன் என்று சொல்லிவிட்டான். பிறகு சம்பந்தி வீட்டில் சொன்னான். பேரன் பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பரிசு வாங்கினான்.

"இனிமே இல்லன்னு எப்படிடா சொல்றது? அவரு போயி எத்தன வருஷம் ஆச்சு. அவருக்கு என்ன கொறஞ்சிடப் போவுது?"

"அவரு சம்சாரம் உசுரோட இருக்குடா. அந்தம்மா வாயால படிச்சுதுடா."

"பதக்கத்த வச்சிருக்கமில்ல, பேரு போட்டு?"

"சர்ட்டிபிகேட் எங்க?"

தண்ணி பட்டு வீணாப் போனது, பார்வைக்கு வைக்க லாயக்கில்லை என்று சொல்லி உள்ளறையில் போடச் சொன்னது அவன்தான். அதையும் அவனே சொன்னான்.

"நான் அங்க போயி உள்ளத சொல்லப் போறேன்" என்று எழுந்தேன்.

அவன் குரல் மாறியது. "சொல்லு. நானும் சொல்லுவேன். அவனுக்கு வயசாயிடுச்சு, போன வருஷத்துலேர்ந்து ஞாபகம் பெசகுதுன்னு சொல்லுவேன். யார நம்புறாங்கன்னு பாப்போம்."

உள்ளேயிருந்து மருமகள், "மாமா, காப்பி ஆறுதுங்க" என்று குரல் கொடுத்தாள். நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தெருக்கோடி வரை போனபின்தான் அவன் சொன்னது முழுதாக உள்ளே இறங்கியது.

சொன்னபடியே செய்தும் விட்டான். அருங்காட்சியகத்தில் பொறுப்பில் இருந்த பெண்ணிடம் நான் நடந்ததைச் சொன்னபோது அவர் மரியாதையாகக் கேட்டார். ஆனால் கேட்கும் விதத்தில் ஒரு கனிவு இருந்தது, நோயாளியிடம் பேசுவது போல. "சார் போன் பண்ணியிருந்தாங்க. நீங்க கொஞ்சம் குழம்பிப் போயிருக்கீங்கன்னு சொன்னாங்க. உக்காருங்கய்யா, தண்ணி சாப்பிடுறீங்களா?"

"தண்ணி வேணாம்மா. உள்ள வச்சிருக்கிற அந்தச் சர்ட்டிபிகேட்ட எடுத்துப் படிங்க" என்றேன்.

எடுத்து வந்தார். ஜன்னலோரமாக வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஆங்கிலத்தை வாய்க்குள் படித்தார். தடை செய்த பிறகும் திரும்பப் போய்க் காயம்பட்டவர்களை எடுத்து வந்த ஓட்டுநர் என்று, பாயின் பேரும் எண்ணும் போட்டு அதில் டைப் அடித்திருந்தது. அவர் அதை மேசையில் வைத்துவிட்டு, "மன்னிச்சுக்குங்கய்யா" என்றார். அந்தப் பெண்மேல் எனக்கு வருத்தமில்லை. அவன் சொன்னதை அவர் நம்பினார். நானும் வாழ்நாளெல்லாம் அதைத்தானே செய்தேன்.

பலகையை எடுத்துவிட்டு, சில மாதம் கழித்துப் புதிதாக வைத்தார்கள். அதில் பாயின் பேர் இருக்கிறது. சான்றிதழைச் சரிசெய்து பாயின் பதக்கத்துக்குப் பக்கத்திலேயே வைக்கிறோம் என்றும் சொன்னார்கள். முத்துப்பேட்டைக்குப் போன் செய்து சொன்னேன். அந்த அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"பதக்கம் அங்க இருக்கட்டும்ணே, குடுத்தது குடுத்ததுதான்" என்றார். "அந்தப் பேப்பர மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க."

"இங்கதாம்மா பத்திரமா இருக்கும்."

"அப்படித்தாண்ணே போன தடவையும் சொன்னீங்க."

எழுதிக் கொடுத்துத் திரும்ப வாங்கினேன். அருங்காட்சியகத்தில் அதை மெல்லிய வெள்ளைத்தாளில் சுற்றி, அட்டை வைத்துக் கொடுத்தார்கள். உப்புக்காற்று அடிக்கும் அந்த வீட்டிலேயே கொண்டுபோய் ஒப்படைத்தேன். அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். என் சிநேகிதனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே தெரு. போன மாதம் அவன் பேத்திக்குக் கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வரவில்லை. நாதஸ்வரச் சத்தம் மட்டும் வந்தது. பாய் செய்ததை அவன் எடுத்துக்கொண்டதை ஒருவேளை என்றாவது மன்னித்துவிடுவேன். பயந்தவன் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு ஞாபகம் போய்விட்டது என்று அவன் போனில் சொன்னதைத்தான் மறக்க முடியவில்லை. பாய்க்கு நடந்ததைவிட எனக்கு நடந்தது அதிகமாக வலிக்கிறதே என்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வலிக்கிறது.